வெள்ளிக்கிழமையே தெரியும்

திங்கட்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்குள் அனாமிகாவின் அப்பா பிரேமாவை போனில் கூப்பிட்டார்.

"டீச்சரே, மோளுக்கு இப்போ காய்ச்சல் இல்ல. மாடல் பரீட்சைக்குள்ள நெகட்டிவ் ஆயிடும்னு டாக்டர் சொன்னார்."

"நெகட்டிவா? அவளுக்கு என்ன?"

"கோவிட் அல்லே? வெள்ளிக்கிழமையே பிரின்சிபால்கிட்ட விளிச்சுச் சொன்னேனே. டீச்சருக்குத் தெரியாதா?"

பத்தாம் வகுப்பு பி பிரிவின் வகுப்பாசிரியை பிரேமா. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. 2022 ஜனவரி அது. திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருந்த நேரம். ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் பக்கத்தில் இருந்த பிள்ளைகளை அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும், பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று பள்ளி திறந்தபோது கூட்டம் போட்டு விளக்கியவரே பிரின்சிபால் ஸ்ரீகண்டன்தான்.

பிரேமா வகுப்பை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது பெஞ்சில் அனாமிகாவின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் ஜெபிஷா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருமிக்கொண்டிருந்தாள்.

ஜெபிஷாவின் அம்மா செல்லபாய்க்குப் புற்றுநோய். டிசம்பரில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவள் தலையில் துணி கட்டிக்கொண்டு வராந்தாவின் கோடியில் தனியாக நின்றாள். "எனக்கு ஊசி போடுதாவ டீச்சரே. காய்ச்சக்காரங்க பக்கத்துல போவப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ. கிளாசுல ஆருக்காவது வந்தா ஒரு போன் போட்டிருங்க, கேட்டியளா" என்றாள். பிரேமா வாக்குக் கொடுத்திருந்தாள்.

பிரின்சிபால் அறைக்கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"சார், அனாமிகா விஷயம் உங்களுக்கு எப்போ தெரியும்?"

"டீச்சர் முதல்ல உட்காருங்க."

"உட்கார வரலை."

ஸ்ரீகண்டன் மேசையில் இருந்த அழைப்பிதழ்களை ஒதுக்கி வைத்தார். "பாருங்க டீச்சரே, வியாழக்கிழமை புது பிளாக் திறப்பு விழா. பெரிய ஆட்கள் எல்லாம் வர்றாங்க. இப்போ இதைப் பறஞ்சா ஸ்கூலைப் பூட்டச் சொல்வாங்க. விழா முடியட்டும், சொல்லிக்கலாம். எல்லாரும் மாஸ்க் போட்டுத்தானே இருக்காங்க. சாரமில்ல, ஒண்ணும் ஆகாது."

"மாஸ்க் போட்டுக்கிட்டா சார் பிள்ளைங்க சோறு திங்குது? அந்த ரெண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸ்ல கை போடுறவங்க. ஜெபிஷாவோட அம்மா கீமோ எடுத்துட்டு இருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?"

"ஒரு குடும்பத்துக்காக ஸ்கூலைப் பூட்ட முடியாது. டீச்சர் இன்னும் ப்ரொபேஷன்லதான் இருக்கீங்க. அதை மறக்கப்படாது."

பிரேமா வெளியே வந்து அவருடைய ஜன்னலுக்கு நேராகவே நின்று செல்லபாயைக் கூப்பிட்டாள்.

செல்லபாய் கடைசிவரை கேட்டாள். "மவளுக்கு நேத்தைக்கே தொண்ட கரகரன்னு இருந்துது டீச்சரே. பனியில நின்னிருப்பான்னு நெனச்சு எனக்க பக்கத்துலதான் கெடத்தினேன். ஸ்கூல்ல அவியளுக்கு எப்பம் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளியாச்சையேவா?"

செல்லபாய் போனை வைத்துவிட்டாள். பிரேமா அதே இடத்தில் நின்று மற்ற எல்லாப் பெற்றோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

மதியத்துக்குள் கேட்டில் கூட்டம் கூடிவிட்டது. பயந்துபோய் வந்தவர்கள் பாதி, பிரேமாவைத் திட்ட வந்தவர்கள் பாதி. விழாவில் ஆட வேண்டிய மகளின் உடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா, "பரீட்சை நேரத்துல பிள்ளைங்கள எதுக்குப் பேடிப்பிக்கிறீங்க? பயந்துட்டே எப்படிப் படிக்கும்?" என்று கத்தினாள். ஸ்ரீகண்டன் மைக்கில் வந்து எல்லாம் வதந்தி என்றார்.

அப்போதுதான் கணக்கு டீச்சர் மங்கலம் ஆசிரியர் அறையிலிருந்து வந்தாள். வலியசாலை அக்ரஹாரத்துக்காரி. அதிர்ந்து பேசியே பழக்கமில்லாதவள். "வதந்தி இல்லை. அவ சொல்றது நிஜம். சனிக்கிழமை நேக்கும் ஆபீஸ்ல சொன்னா, வெளியில மூச்சுவிடப்படாதுன்னா."

கூட்டம் அடங்கியது. பிரேமா அவள் பக்கம் திரும்பினாள். "ரெண்டு நாளாத் தெரிஞ்சும் எங்கிட்டகூடச் சொல்லலையா?"



பரிசோதனையில் வகுப்பில் பாதிப் பேருக்கு நோய் இருந்தது. ஜெபிஷாவுக்கும் இருந்தது, செல்லபாய்க்கும் இருந்தது. விழா தள்ளிப்போனது. முடிவு வந்த மறுநாள் பள்ளி கேட்டில் ஓர் அறிவிப்பு தொங்கியது. குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்வதால் விடுமுறையாம். பிரேமா வாட்ச்மேன் கண்ணெதிரிலேயே அதைக் கிழித்தெறிந்தாள். அந்த இரும்புக் கதவிலேயே சாக்பீஸால் மலையாளத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதினாள்: 'பத்து பி-யில் கோவிட். எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.'

செல்லபாய் ஆக்சிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் ஊசி தடைபட்டு, சுருங்கி வந்த கட்டி மறுபடி வளர்ந்திருந்தது.

பிப்ரவரி கடைசியில் பள்ளி பெற்றோர் கூட்டம் கூட்டியது. ஸ்ரீகண்டன் பேசிக்கொண்டிருந்தபோது செல்லபாய் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சாரே, எனக்கு ஒண்ணு தெரியணும். வெள்ளியாச்சை ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அன்னைக்கு இருந்த சூழ்நிலையில…"

"சூழ்நிலைய கேக்கல்ல. தெரியுமா, தெரியாதா?"

"நம்ம எல்லாருக்குமே அது கஷ்டமான காலம்…"

"எனக்க மவ ராவும் பகலும் அழுது கரையுதா. 'நான்தானே அம்மா ஒனக்கு நோய தந்தேன்'னு கேக்குதா. அவளுக்கு நான் பதில் சொல்லணும். தெரியுமா, தெரியாதா?"

அன்று விழா உடுப்போடு கேட்டில் நின்று கத்திய அந்த அம்மாதான் பின்வரிசையிலிருந்து, "பதில் சொல்லுங்க சார்" என்றாள். அப்புறம் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். ஸ்ரீகண்டன் மைக்கைத் தள்ளி வைத்தார்.

"தெரியும்."

செல்லபாய் மகளின் பக்கம் திரும்பினாள். "கேட்டியா மக்களே? நீ தரல்ல." அதற்குமேல் நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜெபிஷா அவள் மடியில் முகத்தைப் புதைத்து, எல்லோரும் பார்க்க, சத்தம் போட்டு அழுதாள்.

நிர்வாகம் ஸ்ரீகண்டனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கழக்கூட்டத்தில் இருந்த தன் இன்னொரு பள்ளிக்கு, அதே பதவியில் மாற்றியது. பிரேமாவைக் கூப்பிட்டு, தான் தேவையில்லாமல் பீதி கிளப்பியதாக எழுதிக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். அவள் மேசையில் வைத்த பேனாவைத் தொடவில்லை. மார்ச்சோடு வேலை போயிற்று.

ஜெபிஷா பரீட்சை எழுதினாள். செல்லபாய்க்கு மறுபடி முதலிலிருந்து ஊசி போடத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த ஒருநாள் பிரேமா பேப்பரைப் பிரித்தாள். கழக்கூட்டம் பள்ளியில் நடந்த சுகாதார விழிப்புணர்வு வாரத்தை ஸ்ரீகண்டன் குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைக்கும் படம் அதில் இருந்தது. பேப்பரைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள்.