பதினான்காவது கேள்வி

எல்லோரும் அவளை ஃபாரம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறப்புச் சான்றிதழோ, மின் இணைப்போ, ஓய்வூதியமோ, எதற்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். கால்நடை வளர்ப்போர் சங்கத்தில் அவள் எழுத்தர். சங்கத் தலைவர் அவளுடைய சொந்த அண்ணன்.

சங்கத்தின் மேய்ச்சல் நிலம் முந்நூறு ஏக்கர். மூன்று வருடமாகப் புல் பிடிக்கவில்லை, முள்தான் மண்டியது. மானியம் கேட்டு அவள் ஏறாத படியில்லை. விவசாயத் துறையில், "மேய்ச்சல் நிலம் எங்க கணக்குல வராதும்மா" என்றார்கள். கால்நடைத் துறையில், "மாட்டுக்குத் தருவோம், மண்ணுக்குத் தர மாட்டோம்." வனத்துறையில் ஒருவர், "மரம் எத்தனை இருக்கு?" என்று கேட்டார். இருந்தால் ஏன் இங்கே வருகிறேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினாள். கடைசியில் மாநில அரசின் இணையதளத்தில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பக்கத்தில், மேய்ச்சல் நில மீட்பு மானியம் என்று ஒன்று கண்ணில் பட்டது. புல் விதை, வேலி, குளம் தூர்வாருதல், எல்லாவற்றுக்கும் உண்டு. அண்ணன் அலுவலகத்தில் வைத்தே அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

விண்ணப்பத்தில் இருபத்திரண்டு கேள்விகள். பதினான்காவது, கால்நடைகள் குடிக்கும் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை. அவளே குளத்தில் இறங்கி இரண்டு பாட்டில் பிடித்து அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் காலை சோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"இந்தத் தண்ணிய மனுஷங்க யாராவது குடிக்கிறாங்களா?"

"இல்லைங்க. மாடு மட்டும்தான்."

"அந்த மாட்டுப் பால?"

"அத எல்லாரும் குடிக்கிறோம்ங்க."

"தண்ணியில ஈயம் ரொம்ப அதிகமா இருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டேன். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா முதல்ல ரத்தம் எடுத்துப் பாருங்க."

போனை வைத்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன கோடையில் நான்கு கன்றுகள் கண் தெரியாமல் வட்டமாகச் சுற்றின, சுவரில் தலையை முட்டியபடியே நின்று செத்தன. ஏதோ விஷச்செடி என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் ஏழு வயது மகள் மாதக்கணக்காக வயிற்றுவலி என்கிறாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு என்று நினைத்து, தினமும் காலையில் ஒரு டம்ளர் பாலை அதட்டி உருட்டிக் குடிக்க வைத்தது அவள்தான். ஒருநாள் மூக்கைப் பிடித்தும் ஊற்றியிருக்கிறாள்.

அறிக்கை வந்ததும் அண்ணனிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"இது வெளிய தெரிஞ்சா நாப்பது குடும்பத்துப் பாலையும் யாரும் வாங்க மாட்டாங்க."

"தெரியும்ண்ணா."

"வீட்டுக் குழாயில தண்ணி பிடிச்சு இன்னொரு தடவை அனுப்பு. மானியம் வரட்டும். குளத்தைத் தூர்வாரிட்டா எல்லாம் சரியாயிடும்."

"வாரின சேத்தை எங்க கொட்டுவ? புல்லு மேலயா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கம்தான் குளக்கரைக் கொட்டகை. நான்கு வருடத்துக்கு முன்பு வரை அதில் சிலர் ஈயத்துக்காகப் பழைய பேட்டரி உடைத்தார்கள். சங்கம் கூடிப் பேசாமலே அவர்களுக்கு இடம் விட்டவர் அண்ணன். அந்தப் பேட்டரித் தண்ணீரெல்லாம் எங்கே ஓடியிருக்கும் என்று இரண்டு பேருக்குமே அப்போது புரிந்தது.

"என்னை மாட்டி விடாதம்மா," என்றார். அண்ணன் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. அதுவே அவளுக்குக் கிலியாக இருந்தது.

மறுநாள் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊசி குத்தும்போது பிள்ளை அழவில்லை, சோர்ந்து போய்த் தோளில் சாய்ந்திருந்தாள். முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் பென்சிலைக் கீழே போட்டால் நெஞ்சு திக்கென்றது. கூப்பிட்டு உடனே திரும்பாவிட்டால் காது போய்விட்டதோ என்று பயம். பக்கத்து வீட்டுக்காரி பால் தூக்கோடு போவதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் கதவைச் சாத்திக்கொண்டாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அன்று மாலையே வீடு வீடாகப் போனாள்.

"மாட்டுக்குக் குளத்துத் தண்ணி காட்டாதீங்க. பால் பிள்ளைங்களுக்குக் கொடுக்காதீங்க, விக்காதீங்க."

சிலர் பதறினார்கள். ஒருவர், "உனக்குப் பைத்தியமா? எங்க வயித்துல அடிக்கிறியே!" என்று கத்தினார். அவள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மகளின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. குணப்படுத்தலாம், ஆனால் நாளாகும் என்றார் மருத்துவர்.

உண்மையான அறிக்கையை இணைத்தே விண்ணப்பத்தைக் கொடுத்தாள். அதிகாரி பதினான்காவது கேள்வியில் நின்றார். "இந்த மானியத்துல கெட்டுப்போன நிலத்துக்குக் கொடுக்க முடியாதும்மா." அவள் விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் பண்ண வேற நிதி இருக்கு. மூணாவது மாடி. ஆனா மாசு எப்படி வந்ததுன்னு பொறுப்பானவங்க எழுதிக் கொடுக்கணும்."

"நான் எழுதித் தரேன் சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணன். எப்போது வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "கொட்டகைக்கு இடம் விட்டது நான்தான். என் பேரப்பிள்ளைக்கும் நேத்து ரத்தம் எடுத்தோம்."

எழுதும்போது இரண்டு முறை அடித்துத் திருத்தினார். அவள் பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை, அவரே முடிக்கட்டும் என்று நின்றாள்.

அந்த நிதி வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அண்ணன் தலைவர் பதவியை இழந்தார், இரண்டு முறை விசாரணைக்குப் போய்வந்தார். பதினோரு குடும்பங்கள் மாட்டை விற்றுவிட்டன. மீதிப் பேர் லாரித் தண்ணீரை வைத்துச் சமாளித்தார்கள். இப்போது குளத்தைச் சுற்றி வேலி போட்டு, கையுறை மாட்டிய ஆட்கள் சேற்றை வண்டியில் அள்ளிப் போகிறார்கள். மகளின் ரத்தத்தில் அளவு பாதியாகக் குறைந்திருக்கிறது. அடுத்த பரிசோதனை செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமையே அவள் பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்துப் பையில் வைத்துவிடுவாள்.