திரையில் தெரியாத வரி

வெப் பக்கத்துக்கான கோடை நான் கம்ப்யூட்டரில் சும்மா கிடக்கும் நோட்பேடில்தான் எழுதுவேன். இப்போது சொன்னால் பெருமை மாதிரி இருக்கும். தொண்ணூற்றெட்டில் அது பெருமை இல்லை, வக்கில்லாமை. அடையாறில் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் மெஷின் தருவார்கள். மற்ற நாளெல்லாம் நீள நோட்டில் பேனாவால் எச்.டி.எம்.எல். என்ற அந்தக் கோடை எழுதி, திறந்த டேக் குறியெல்லாம் மூடியிருக்கிறதா என்று பென்சிலால் டிக் போட்டுப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் ஒரு பக்கத்தின் மொத்தக் கோடும் எனக்கு மனப்பாடமாக நிற்கும்.

ஸ்ரீனிவாசராகவன் சார் மந்தைவெளியில் தன் வீட்டு மாடியிலேயே வெப்சைட் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம். கீழே வீடு, மேலே ஆபீஸ், இரண்டுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன், இன்டர்நெட்டும் அதில்தான். நான் அங்கே ஒன்றரை வருஷமாக டெம்பரரி. சாய்சரண் என்பவன் சாருடைய தங்கை பிள்ளை, என் வயதுதான், சேர்ந்து நாலு மாதம். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை, மனசாரத் திட்டக்கூட முடியாது.

அவன் எங்கிருந்தோ ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தான். அதில் கோடே எழுத வேண்டாம். படத்தை மவுஸால் இழுத்து வைத்தால் போதும், கோடை அதுவே எழுதிக்கொள்ளும். எழுதிய லட்சணத்தைத் திறந்து பார்த்தேன். நான் பத்து வரியில் முடிப்பதை அது எண்பது வரிக்கு வளவளத்திருந்தது.

ஆபீஸுக்கு எது என்று முடிவு செய்ய சார் ஒரு போட்டி வைத்தார். தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடை வெப்சைட் கேட்டிருந்தது. அதன் முதல் பக்கத்தை நான் நோட்பேடிலும் அவன் அந்த சாஃப்ட்வேரிலும் செய்ய வேண்டும்.

"எது கஸ்டமருக்குப் பிடிக்கறதோ, இனிமே எல்லாம் அதுலதான். ஜெயிக்கறவாளுக்கு வேலை பெர்மனென்ட். இன்னொருத்தர் டேட்டா என்ட்ரி பாக்கட்டும்," என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"உன்னால ஆவாதா?"

"ஆவும்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சி அப்டி கீது?"

கூடையை அவள் கையிலிருந்து வாங்கி நான் கழுவினேன்.

நாலு நாள் உட்கார்ந்தேன். புடவைப் படங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினேன், தேவையில்லாத ஒரு எழுத்துகூட வைக்கவில்லை. மோடம் வழியாகத் திறந்து பார்த்தால் இருபது விநாடி. சாய்சரணின் பக்கத்தையும் அவன் முன்னாலேயே பார்த்தேன். இரண்டரை நிமிஷம்.

"சரிதான் ஜெனிதா, நீதான் ஜெயிப்பே," என்றான். அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்றிருந்தது.

கடை முதலாளி வந்தார். லைன் போட சார் ரிசீவரை எடுத்தார். கீழே சாரின் மனைவி, மாமி, பெங்களூரில் இருக்கும் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். "அவாத்துல சீர் பட்சணம் ஒண்ணும் சரியில்லையாம்," என்ற குரல் நான் நின்ற இடம்வரை கேட்டது. சார் ரிசீவரை வைத்துவிட்டார்.

"பரவாயில்லை, ஹார்ட் டிஸ்க்லேர்ந்தே காமிச்சுடலாம்."

ஹார்ட் டிஸ்கிலிருந்து திறந்தால் எந்தப் பக்கமும் ஒரு நொடியில் வந்துவிடும். என் நாலு நாள் உழைப்பு முழுவதும் அந்த இருபது விநாடியில்தான் இருந்தது.

"சார், லைன்ல பாத்தாத்தான் சார் வித்தியாசம் தெரியும். அஞ்சு நிமிஷம் இருக்கலாமே."

"மாமி அஞ்சு நிமிஷத்துல முடிப்பாளா?" என்று சார் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். சாய்சரண், "இல்ல மாமா, லைன்ல போட்டா என்னோடது..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா."

சும்மா இருந்துவிட்டான். வாயைத் திறந்ததற்கு அவனை மன்னிப்பதா, மூடியதற்கு வெறுப்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் பக்கத்தில் குத்துவிளக்கு மினுக்கியது, எழுத்து ஓடியது, அரக்குப் புடவை திரையை அடைத்துக்கொண்டு நின்றது. "இதுல கல்யாணக் களை இருக்கு," என்றார் முதலாளி. என்னுடையதைப் பார்த்து, "இதுவும் சுத்தமா இருக்கும்மா," என்றார். நான் டேட்டா என்ட்ரிக்குப் போனேன்.

பத்தாம் நாள், முதலாளியின் மாப்பிள்ளை நியூஜெர்சியிலிருந்து போன் செய்து கத்தினார். பக்கம் திறக்கவே இல்லையாம். சார் என் மேஜைக்கு வந்தார்.

"கையால எழுதறதுல நீ கெட்டிக்காரி. சாய்க்குக் கொஞ்சம் சரி பண்ணிக் குடு. கஸ்டமருக்குத் தெரிய வேண்டாம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் டேட்டா என்ட்ரியும் போய்விடும். விளக்கு, புடவை எல்லாம் அப்படியே தெரிகிற மாதிரி, உள்ளே இருந்த மொத்தக் கோடையும் நோட்பேடில் புதிதாக எழுதினேன். கோடுக்கு நடுவே, திரையில் தெரியாதபடி எதை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். உச்சியில் ஒரு வரி வைத்தேன்: 'இதை எழுதியது மிக்கேல் மகள் ஜெனிதா.' யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கம் நியூஜெர்சியில் திறக்கும்போதெல்லாம் என் பேரும் கூடவே போகும் என்பதில் எனக்கு அல்ப சந்தோஷம். மாப்பிள்ளை மறுபடி போன் செய்து பாராட்டினார். சார் சாய்சரணின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தீபாவளிக்குத் தள்ளுபடித் தேதியை மாற்ற சாய்சரண் அந்தப் பக்கத்தைத் தன் சாஃப்ட்வேரில் திறந்து சேமித்தான். அது எதைத் திறந்தாலும் தன் இஷ்டப்படி மாற்றி எழுதிவிடும், வேண்டாததென்று நினைப்பதைத் தூக்கிவிடும்.

மறுநாளே சார் வந்தார். "ஜெனிதா, பழையபடி மெதுவாயிடுத்து. கொஞ்சம் பாத்துடும்மா."

திறந்து பார்த்தேன். என் பத்து வரிகள் மறுபடி எண்பதாகியிருந்தன. உச்சியில் நான் வைத்த வரி இல்லை. அந்த இடத்தில், இந்தப் பக்கத்தைச் செய்தது தான்தான் என்று சாஃப்ட்வேர் தன் பேரைப் போட்டுக்கொண்டிருந்தது.

நோட்பேடைத் திறந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். இந்தத் தடவை பேர் போடவில்லை.