இடைவேளை வரைக்கும்

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பவுலினுக்கு அவள் வீட்டுக்காரர் மதலைமுத்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஓடக்காரன் பெண்டாட்டி ஆற்றங்கரையில் நிற்கிறாள். கையில் லாந்தர். மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. தூரத்தில் தெரிவது புருஷனுடைய ஓடமா, வெறும் அலையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். அவள் துடைத்தது மழையையா, அழுகையையா? அந்த இடத்தில் நிறுத்தி, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“மீதியைக் கொட்டகையில பாரு.”

அது அவருடைய சட்டம். அல்சூரில் அவர்கள் இருந்த தெருவில் வெள்ளிக்கிழமை புதுப்படத்தை முதலில் பார்ப்பவர் அவர்தான். சனிக்கிழமை காலையில் குழாயடியில் கதை நடக்கும். இடைவேளை வரைக்கும் சொல்வார்; அதற்கு மேல் கெஞ்சினாலும் வாய் திறக்க மாட்டார். மோசமான படம் என்றால் கதையே கிடையாது, “துணி துவைக்கிற வேலையைப் பாருங்க” என்று போய்விடுவார். அச்சாபீசில் பைண்டிங் வேலை அவருக்கு. தைக்க வரும் நாவல்களைப் படித்துவிட்டுச் சிபாரிசு செய்வதும் இதே கணக்கில்தான், பாதிப் புத்தகம் வரை. தெருவே அவர் வாய்ப்பேச்சை நம்பித்தான் டிக்கெட் வாங்கியது. பவுலினுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவர், பசைச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். வண்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். எதிர்வரிசையில் தையல்கடை வைத்திருந்த ஜெயராமன் துக்கம் கேட்க வந்தான். மதலைமுத்து சொல்லாமல் ஒரு படமும் பார்க்காதவன். அவர் கடைசியாகச் சொன்ன படமாயிற்றே என்று முந்தின நாள் போயிருந்தானாம். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

“தப்பா நெனைக்காதேக்கா. அண்ணன் இந்த வாட்டி ஏமாந்துட்டாரு. ரொம்ப பேஜாரு. நான் இடைவேளையிலேயே எழுந்து வந்துட்டேன். நாளையோட படத்தைத் தூக்கறாங்களாம்.”

அவன் போன பிறகும் பவுலின் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் தப்பாத வாக்கு. போகிற போக்கில் சொன்ன கடைசி வார்த்தையா பொய்த்துப்போகும்? நாளைக்குப் பிறகு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

மறுநாள் மத்தியானம் அவள் செருப்பை மாட்டுவதைப் பார்த்து நாத்தனார் டோரதி வாசலை மறித்தாள். “துக்கச் சேலையோட படத்துக்கா? ஊர் என்ன பேசும், அண்ணி?”

“உங்கண்ணனைப் பத்தி என்ன பேசப்போகுதுன்னுதான் போறேன்.”

டோரதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலை விட்டு நகர்ந்து நின்றாள்.

பெண்கள் பக்கத்தில் பவுலினோடு சேர்த்துக் கைவிரலில் அடங்கும் கூட்டம். கறுப்புச் சேலையைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். படம் அவர் சொன்ன வரிசையிலேயே போனது, ஆனால் சப்பென்று போனது. ஆற்றங்கரைக் காட்சி வந்தது. லாந்தர் இருந்தது. மழை இல்லை. பின்னால் வரைந்த துணி ஆடியது; அவ்வளவுதான். ஓடக்காரன் பெண்டாட்டி முகத்தையும் துடைத்துக்கொள்ளவில்லை. இடைவேளை என்று விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஜெயராமன் எழுந்து போன இடம் இதுதான். பவுலினுக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதுவது முறையல்ல. படம் முடிந்து எல்லோரும் போன பிறகும் பவுலின் உட்கார்ந்திருந்தாள், கூட்டுகிறவள் வந்து எழுப்பும் வரைக்கும். இதை மனசில் வைத்துக்கொண்டா அந்த மனுஷர் அன்றைக்கு ஒன்றுமே தெரியாதவர்போல் காப்பி குடித்தார்?

வீட்டுக்குப் போகாமல் நேரே தையல்கடைக்குப் போனாள்.

“மழை வந்துதா ஜெயராமா?”

“எங்கேக்கா வந்துது? அண்ணன் சொன்ன மழைக்காகத்தானே காத்துக்கிட்டு இருந்தேன். அது இல்லேன்னதும் வெறுத்துப் போச்சு.”

பவுலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனபின் வந்த முதல் சிரிப்பு. “மழை உங்கண்ணன் ஊத்தினதுப்பா. படக்காரனுக்குத் தோணலே, அவருக்குத் தோணிச்சு. படம் இடைவேளைக்கு அப்புறம் இருக்குது.”

“அப்புறம் என்னக்கா ஆச்சு?”

“மீதியைக் கொட்டகையில பாரு. இன்னைக்கு விட்டா கெடையாது.”

அவன் மிஷினை மூடிவிட்டு ஓடினான். மறுநாள் விடிந்ததும் வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

“அண்ணன் ஏமாறலேக்கா” என்றான். அப்படியே கடை திறக்கப் போய்விட்டான்.

குழாயடியில் பெண்கள் அதற்குள் விஷயம் அறிந்திருந்தார்கள். படம் போய்விட்டது, கதையையாவது சொல் என்று சூழ்ந்துகொண்டார்கள். பவுலின் குடத்தைக் கீழே வைத்தாள். ஆற்றங்கரை வந்ததும் மழையைக் கொட்டச் செய்தாள், அவர் கொட்டிய அளவு, ஒரு சொட்டுக் குறையாமல். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

அதன்பின் வெள்ளிக்கிழமைப் படம் அவளுடையதாயிற்று. கொட்டகை கைமாறியது, குழாயைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள், பக்கத்தில் நின்று கதை கேட்டவர்களும் மாறினார்கள். இடைவேளைக்குப் பிறகு என்ன என்று பவுலின் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.