திறக்காத பேட்ச்

"அக்கா, கிணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி கேக்குதுக்கா!"

மைதானத்தின் அந்தக் கோடியில், மிக்சருக்குப் பின்னாலிருந்து பழனிச்சாமி கத்தினான். சவுண்ட் சர்வீஸ்காரன். விராலிமலைப் பக்கம் எந்தத் திருவிழாக் கச்சேரியானாலும் அவனுடைய ஸ்பீக்கர்கள்தான். மேடையில் நின்ற அமுதவல்லி குனிந்து, காலடியில் கிடந்த பிராசஸரின் குமிழ் ஒன்றைத் திருப்பினாள். திரையில் வேறொரு பக்கம் திறந்துகொண்டது. அவள் தேடியது அதில் இல்லை. திரும்பி வர வழி தெரியாமல் இரண்டு பொத்தான்களை அமுக்கினாள்.

"இப்ப?"

"இப்ப கிணத்துல தண்ணியும் ஊத்திட்டீங்க."

பாட வந்த ஷர்லி சிரித்துவிட்டாள். "அமுதாக்கா, அண்ணன் தோஹாவுல இருந்து பார்சல் அனுப்புன சத்தம் போல. ஒடஞ்சு வந்துருக்கு."

அமுதவல்லியும் சிரித்தாள். சிரிக்கும்போதே கால் கட்டைவிரல் பழைய பேட்ச்சைத் தேடிப் பொத்தானை அழுத்திவிட்டது. ஒரு ஆம்ப், கொஞ்சம் எக்கோ, வேறொன்றும் இல்லை. அவளே எப்போதோ செய்து வைத்தது. பழனிச்சாமி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். மாசியில் நடந்தது அது.

பிராசஸர் என்பது ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. கிடாரை அதில் சொருகினால் போதும், பெரிய ஆம்ப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்க வேண்டாம். திரையில் ஆம்ப்களின் படங்கள் வரும். எந்தப் படத்தைத் தேர்கிறோமோ அதன் குரலில் கிடார் பேசும். அதோடு எக்கோ, ரிவெர்ப் என்று சேர்த்து, ஒரு பெயர் வைத்துச் சேமித்தால் அது ஒரு பேட்ச். அவள் கணவன் ரகுநாத் வெளிநாடு போவதற்கு முன் வாங்கியது. நாகராசு அண்ணனின் மெல்லிசைக் குழுவில் அவன் லீடு கிடார், அவள் பேஸ் கிடார். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான். பொன்னமராவதியில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட வருஷம் அவன் தோஹாவுக்குப் போனான். அவள் பேஸை வைத்துவிட்டு அவன் கிடாரை எடுத்துக்கொண்டாள்.

போன இடத்தில் அதே மாடல் பெட்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருப்பதாக ஒரு வெள்ளிக்கிழமை போனில் சொன்னான். மலிவான கிடார் ஒன்றும் வாங்கியிருந்தான்.

"எதுக்குங்க? அங்க எங்க வாசிக்கப் போறீங்க?"

"வாசிக்கிறதுக்கு இல்ல புள்ள. இங்கிட்டு நான் பேட்ச் செஞ்சு அனுப்புறேன். நீ அங்கிட்டு போட்டு வாசி. ரெண்டும் ஒரே பெட்டி. இங்க எப்புடிக் கேக்குதோ அப்புடியே அங்கயும் கேக்கும்."

அவன் அதை நம்பினான். கொஞ்ச நாள் அவளும் நம்பினாள். வெள்ளிக்கிழமைதோறும் வாட்ஸப்பில் ஒரு ஃபைல் வரும். வாசித்த ஊர்களின் பெயரைச் சுருக்கி வைத்திருப்பான். விராலி. பொன்னை. அவற்றைக் கம்ப்யூட்டரில் இறக்கி, பெட்டிக்கு ஏற்றி, ஹெட்போனில் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். மேடையில் ஏற்றினால் குழம்பிவிடும். எக்கோ எக்கோவின் மேல் ஏறி, ஒரு சுரம் முடிவதற்குள் அடுத்தது மூழ்கிப்போகும். ஹெட்போனில் செய்த சத்தம் மைதானத்தில் நிற்காது என்பது பழனிச்சாமிக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ரகுநாத்துக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு காலத்தில் சவுண்ட் செக்கில் எல்லாரையும் விட அதிகம் சண்டை போட்டவன் அவன்தான். எக்கோவைக் குறை, குறை என்று தலைக்கு மேல் கையை ஆட்டுகிறவன். அங்கே போய் ரசனை கெட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் அது துரோகம் போல இருந்தது.

ஒருமுறை லேசாகச் சொல்லிப் பார்த்தாள். "எக்கோ கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு பழனிச்சாமி சொல்றான்ங்க."

"அவனுக்கு என்ன தெரியும்? கரகரன்னு இரையிற ஸ்பீக்கர வச்சுக்கிட்டு." பிறகு குரல் இறங்கியது. "சரி, குறைச்சு அனுப்புறேன்."

குறைத்து அனுப்பவில்லை. கூட்டித்தான் அனுப்பினான்.

பங்குனியில் வந்த ஃபைல் திறக்கவில்லை. இது புதிய வெர்சனில் செய்தது, உங்கள் கருவியை அப்டேட் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. அவன் தன் பெட்டியை அப்டேட் செய்திருக்கிறான். அவளுடையதைச் செய்ய முடியாது. சீசனில் எந்தப் பெட்டியையும் அப்டேட் செய்யக் கூடாது என்பது குழுவில் எழுதப்படாத சட்டம். முன்பொரு சித்திரையில் நாகராசு அண்ணன் தன் கீபோர்டை அப்டேட் செய்யப்போய், அத்தனை வருஷம் சேர்த்த தாளமெல்லாம் அழிந்து, கச்சேரியில் வெறும் பியானோவோடு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து மாசி பிறந்தால் ஆவணி முடிகிறவரை யாரும் தொடுவதில்லை. சாமிக்குக் காப்புக் கட்டின மாதிரி என்பார் அவர்.

திறக்கவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு வந்தது எரிச்சல் இல்லை. மனம் லேசானது. இனி அந்தச் சத்தத்தை மேடையில் ஏற்றி, பிறகு கால் விரலால் ரகசியமாக மாற்ற வேண்டியதில்லை. வெர்சன் சேரவில்லை என்று சொன்னால் போதும், யார் மேலும் பழி இல்லை. சொல்லத்தான் போனை எடுத்தாள். அதற்குள் அவனே அழைத்துவிட்டான்.

"போட்டுப் பாத்தியா? எப்புடி இருக்கு?"

அந்தக் குரலை அவள் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. வேலை, வெயில், மெஸ் சாப்பாடு, கம்பி விலை என்று பேசுகிற குரல் அல்ல. கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது, 'அந்த எடத்துல எப்புடி இழுத்தேன் பாத்தியா' என்று கேட்பானே, அந்தக் குரல்.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

அதன் பிறகு சொல்வதற்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கஷ்டமாகிக்கொண்டே போனது. ஃபைல்கள் வந்தன. அவள் அவற்றைத் தனியாக ஒரு இடத்தில் சேர்த்துவைத்தாள். திறக்க முயலக்கூட இல்லை. "நல்லா இருக்குங்க." சில சமயம் கூடுதலாக ஒன்றிரண்டு சொல்ல வேண்டியிருந்தது. "போன வாரத்துக்கு இது பரவால்லங்க." இப்படிப் பேசும்போது தன் குரலே தனக்குக் கேட்காத மாதிரி இருக்கும். பொய் என்று தோன்றவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பது போல அதுவும் ஒரு வார்த்தை என்று தனக்குள் ஒதுக்கிவிட்டாள். ஆனால் போனை வைத்ததும், பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு பாத்திரத்தை எடுத்துத் தேவையில்லாமல் கழுவிக்கொண்டிருப்பாள்.

குடுமியான்மலைக்குக் கீழே நடந்த கச்சேரியை யாரோ ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போட்டிருந்தார்கள். மறுநாளே ரகுநாத் அழைத்தான்.

"பாத்தேன், பாத்தேன். ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன். என் பொண்டாட்டின்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறானுங்க. அந்த மூணாவது பாட்டுல கடைசில நிறுத்துறயே, அங்க என் எக்கோ எப்புடித் திரும்பி வருது பாத்தியா? சும்மா சொல்லக் கூடாது, அளவெடுத்துத் தச்ச மாதிரி."

அன்று அவள் வாசித்தது தன் பழைய பேட்ச். அதில் அவன் சொன்ன எக்கோ இல்லை. திரும்பி வந்தது மலை. மைதானத்தில் எதை நிறுத்தினாலும் பாறையில் பட்டு, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் மங்கி, திரும்பி வரும். அங்கே வாசித்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவனுக்கும்.

"ஆமாங்க," என்றாள்.

ஆடிக் கச்சேரிகள் நெருக்கமாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அவன் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"மறுபடி ஒரு அப்டேட் வந்துருக்கு புள்ள. புதுசா ரெண்டு ஆம்ப் குடுத்துருக்கான். சீசன் முடியட்டும், நீயும் போட்டுரு. இப்ப ஒன்னோடது எந்த வெர்சன்ல நிக்குது?"

கேட்டதும் அவள் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். திரை விழிக்கும்போது கீழ் மூலையில் ஒரு எண் வரும். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல, யோசிக்காமல், அதைப் படித்தாள்.



"இன்னொரு தடவ சொல்லு."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சொன்ன எண்ணை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதையே சொன்னாள்.

"அப்ப பங்குனிலேர்ந்து நான் அனுப்புனது எதுவும் தெறந்துருக்காதே."

அவள் துணியை மடித்தாள். விரித்தாள்.

"குடுமியான்மலைல வாசிச்சது?"

"நம்ம பழைய பேட்ச்தாங்க."

"அந்த எக்கோ..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அவனும் அந்த மைதானத்தில் வாசித்தவன்தானே. பின்னால் யாரோ மலையாளத்தில் சிரித்தார்கள்.

"சொல்லணும்னுதாங்க இருந்தேன்..."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றான். "வீடியோல நல்லாத்தான் இருந்துச்சு. சரி, மேஸ்திரி வந்தாரா? சன்ஷேடு போட்டாச்சா?"

திட்டியிருக்கலாம். அவள் அதற்குத் தயாராக இருந்தாள். அவன் சன்ஷேடைப் பற்றியும், தண்ணீர்த் தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்பதைப் பற்றியும் பொறுமையாகப் பேசிவிட்டு வைத்தான்.

அதற்குப் பிறகு ஃபைல் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவன் அழைப்பது மட்டும் நிற்கவில்லை. கச்சேரி பற்றி அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மேடையில் பழைய பேட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் யாருடைய இடத்திலோ உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. ஷர்லி மட்டும் ஒருநாள் வேனில் கேட்டாள்: "என்னக்கா, இப்பல்லாம் பார்சல் வரதில்லயா?" அமுதவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷர்லி சட்டென்று வேறு பேச்சுக்குப் போனாள்.

புரட்டாசி பிறந்ததும் அவள் செய்த முதல் வேலை அப்டேட். பகலில், கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். திரையில் ஏறிக்கொண்டிருந்த கோடு பாதியில் நின்றது. கரண்ட் போனால் பெட்டியே கெட்டுவிடும் என்று படித்திருந்ததால், மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, ஏதோ அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பது போல, வியர்வையோடு உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக முடிந்தது. அவள் செய்து வைத்திருந்த பழைய பேட்ச் அழிந்துவிட்டது. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சேர்த்துவைத்திருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

கடைசியில் இருந்தது குடுமி.

ஹெட்போனை மாட்டி, ஒரு கம்பியை மீட்டி, கையால் பொத்தி நிறுத்தினாள். நிசப்தம். பிறகு, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் மங்கி, அது திரும்பி வந்தது. அவள் கை கம்பியின் மேலேயே நின்றுவிட்டது. மறுபடி மீட்டினாள். அதே தூரம். அதே மங்கல். மலையில் பட்டு வருகிற அதே வருகை.

மற்றவற்றையும், முன்பே மேடையில் ஏற்றிப் பார்த்தவை உட்பட, மறுபடி கேட்டாள். விராலியில் சத்தம் அகலமாகப் பரவி, நெடுஞ்சாலைப் பக்கம் கரைந்துபோனது. பொன்னை, கடைவீதிச் சுவர்களுக்கு நடுவில் படபடத்துத் திரும்பியது. இவற்றை மேடையில் ஏற்றினால் குழம்பத்தானே செய்யும்! மேடையில் மைதானம் ஏற்கெனவே இருக்கிறதே. அவன் செய்துகொண்டிருந்தது மேடைக்கான சத்தம் இல்லை. மாடிக்கட்டில்கள் அடுக்கிய அறையில், மற்றவர்கள் தூங்க, கீழ்க்கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, காதை மூடிக்கொண்டு, ஒவ்வொரு ஊர் மைதானத்தையும் நினைவிலிருந்து அளந்து அளந்து உள்ளே வைத்திருக்கிறான். அதைத்தான் அவளுக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். அவள் ரசனை கெட்டுவிட்டது என்று நினைத்தாள். திறக்கவில்லை என்றதும் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் அழைக்கும்வரை காத்திருக்க முடியவில்லை. அவளே அழைத்தாள். சமைத்துக்கொண்டிருந்தான். வெங்காயம் வதங்கும் சத்தம் கேட்டது.

"அப்டேட் போட்டுட்டேங்க. எல்லாத்தையும் கேட்டேன்."

"ம்."

"குடுமில மலை கேக்குதுங்க. அப்புடியே கேக்குது. ரொம்ப நல்லா இருக்குங்க."

"சும்மா சொல்லாத அமுதா," என்றான். கோபம் இல்லை. அதே வார்த்தைகளைத்தானே அவனிடம் மாதக்கணக்கில் சொல்லியிருந்தாள். "நான் அந்தப் பெட்டிய ஒரு ஃபிலிப்பைன்ஸ்காரனுக்குக் குடுத்துட்டேன். அவன் சர்ச்சுல வாசிக்கிறான். ரூம்ல வைக்க எடமும் இல்ல."

"இருங்க. வச்சுராதீங்க. நான் வாசிக்கிறேன், நீங்களே கேளுங்க."

வீட்டில் ஸ்பீக்கர் இல்லை. ஹெட்போனின் ஒரு காதைப் போனின் மேல் அழுத்தி, மீட்டினாள்.

"ஒண்ணும் கேக்கலயே. டொக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணும் இல்ல."

போன் பேச்சுச் சத்தத்தை மட்டும்தான் கொண்டுபோகும் போல. மீட்டியதை டொக்கென்று அனுப்பிவிட்டு, திரும்பி வருவதை வேண்டாத இரைச்சல் என்று அழித்துவிடுகிறது. அவள் போனைத் திருப்பி வைத்தாள். தலையணையில் சாய்த்தாள். எக்கோவைக் கூட்டினாள். மறுபடி மீட்டினாள். அவள் காதில் மலை வந்தது.

"இப்பங்க?"

"டொக்குன்னுதான்."

"இருங்க, இருங்க. இங்கிட்டு ஒயர் லூசா இருக்கு."

ஹெட்போனைக் கழற்றி, முனையை முந்தானையில் துடைத்து, மறுபடி சொருகினாள். போனை இன்னும் நெருக்கமாக வைத்தாள். அந்தப் பக்கம் அடுப்பை அணைத்துவிட்டான் போல. வெங்காயச் சத்தம் நின்றுபோய், அவன் காதோடு போனை அழுத்திப் பிடித்திருப்பது தெரிகிற மாதிரி ஒரு அமைதி.

அவள் விரலைக் கம்பியின் மேல் வைத்தாள். இன்னும் மீட்டவில்லை.

"ஆங்," என்றான் ரகுநாத். "இப்பக் கேக்குது புள்ள. நல்லா இருக்கு."