தலையாட்டிப் பெற்ற விடுதி

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய தபால் அட்டையைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். டான்யூப் ஆற்றங்கரை, ஒரு வெள்ளை வீடு, வாசலில் துடைப்பத்துடன் ஒரு பெண். கீழே ஜெர்மன் மொழியில் 'டுனாவ் விடுதி' என்று அச்சிட்டிருக்கிறது. அது விடுதி இல்லை. அந்தப் பெண் என் அம்மா ஸ்தாமேனா. அங்கிருக்கும் அதிகாரியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அச்சில் வந்ததை மாற்ற முடியாதாம்.

உண்மையான டுனாவ் விடுதி பக்கத்து வீடு. அதை நடத்தியவர் வெல்கோ. மூட்டைப்பூச்சிக்குப் பேர்போன இடம். கப்பலில் வருகிறவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் பிழைப்பு ஓடியது.

வியன்னாவிலிருந்து வந்த புகைப்படக்காரர் ஒருவர் வீடு மாறி வந்து அம்மாவிடம், "ஹோட்டல்?" என்று கேட்டார். தனியாக இருந்து துணி தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த அம்மா, இல்லை என்று தலையை மேலும் கீழும் அழுத்தமாக ஆட்டினாள். பல்கேரியாவில் இல்லை என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவோம். ஆமாம் என்றால் பக்கவாட்டில். மற்ற நாட்டுக்காரர்கள் ஏன் மாற்றி ஆட்டுகிறார்களோ, அது அவர்கள் பாடு. அவர் நன்றி சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கோடையில் அட்டையும் கையுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். "அறை இருக்கிறதா?" என்று கேட்பார்கள். அம்மா மேலும் கீழும் ஆட்டுவாள். அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்கள். வந்தவர்களைப் பட்டினி போடவும் மனம் வராமல் பீன்ஸ் சூப் வைத்தாள். அது வேறு நன்றாக இருந்து தொலைத்தது.

வெல்கோவின் விடுதியில் ஈயாடியது. அவர் வேலியோரம் வந்து கத்தினார்.

"ஏம்மா ஸ்தாமேனா, என் பொழப்புல இப்படி மண்ணள்ளிப் போடுறியே!"

"யோவ், நானா கூப்பிட்டேன்? இல்ல இல்லன்னு ஆட்டி ஆட்டிக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு."

"வாயத் தொறந்து சொல்லேன்!"

"சொன்னேனே! 'நே'ன்னு நம்ம பாஷையில கத்தினேன். வந்தவன் கிரேக்கன். அவன் ஊர்ல 'நே'ன்னா ஆமாவாம். குடும்பத்தோட ஒரு வாரம் தங்கிட்டான்."

வெல்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு தினமும் சண்டை போட வந்தார். வரும்போது மீனும் கொண்டுவந்தார்.

அம்மா கண்ணாடி முன் நின்று வெளிநாட்டுக்காரர்கள் மாதிரி ஆட்டப் பழகினாள். இல்லை என்றால் பக்கவாட்டில். அது கைவந்த சமயத்தில்தான் வெல்கோ சலவைச் சட்டையோடு வந்து, "இந்த வேலிய எடுத்துரலாமா? என்னக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார்.

அம்மா பக்கவாட்டில் தலையாட்டினாள்.

அவர் அன்றே வேலியைப் பிடுங்கிவிட்டு, பாதிரியாரிடம் ஓடினார்.

கல்யாண விருந்தில் யாரோ ஒரு புண்ணியவான், "அவதான் இப்பல்லாம் வெளிநாட்டான் மாதிரில்ல ஆட்டுறா? முடியாதுன்னுல்ல சொல்லியிருப்பா!" என்று கொளுத்திப் போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வீடும் ஒரே விடுதியானது, நான் பிறந்தேன், மூட்டைப்பூச்சி ஒழிந்தது. அப்பாவின் மனதில் இருந்த பூச்சி மட்டும் போகவில்லை. அம்மா எதற்குத் தலையாட்டினாலும் ஒரு கணம் உற்றுப் பார்ப்பார். அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும். அம்மாவிடம் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. முடியாது என்றுதான் சொன்னேன் என்று அவள் சொல்லிவிட்டால்?

நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையான பிறகுதான் கேட்டார்.

"ஸ்தாமேனா, அன்னிக்கு நீ ஆட்டினது நம்ம ஊர்த் தலையா, அவனுங்க தலையா?"

அம்மா சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருஷமா இதையா வச்சுக்கிட்டுப் புழுங்கின? ஏய்யா மக்கு, அன்னிக்கு வேலியோரத்துல வெளிநாட்டான் எவனாவது நின்னானா?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் ஊர் வழக்கப்படி தலையை மேலும் கீழும் ஆட்டினார்.