கஸ்பார் மச்சாடோவை விற்ற பருவம்

இந்தக் கதையைக் கேட்டுப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. அதில் பத்தரை வருடம் இதைச் சந்தேகப்பட்டேன். என் வயதில் எதையாவது சந்தேகப்படாமல் இருந்தால் உடம்பு சரியில்லையா என்று வீட்டில் கேட்கிறார்கள். சொன்னவர் கஸ்பார் மச்சாடோ. தூத்துக்குடியில் ஓர் ஐஸ் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தவர். நடந்ததும் அவருக்குத்தான்.

அந்தப் பக்கத்துக் கால்பந்து லீக்கில் ஆட்டக்காரர்களைப் போலவே ரசிகர்களையும் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு விற்கலாம். ஜனவரியிலும் ஜூனிலும் மட்டும்.

கஸ்பார் உப்பளம் யுனைடெட்டின் ரசிகர். முப்பத்தொரு வருடம் கிழக்கு கேலரியில், மேலிருந்து நான்காம் படியில், தன் கூட்டாளி இஞ்ஞாசியின் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியவர். அந்த ஜனவரியில் உப்பளம் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. பிரேசிலிலிருந்து கூட்டிவந்த ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்தபின் புல் வெட்டக் காசில்லை. புல் முழங்கால்வரை வளர்ந்து, பந்தைத் தேடிக் கொடுக்கத் தனியாக ஓர் ஆள் வைத்திருந்தார்கள். ஆகவே நிர்வாகம் கஸ்பாரை மலையடி சிட்டிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு புல்வெட்டும் மெஷினை வாங்கிக்கொண்டது.

கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு கஸ்பார் இஞ்ஞாசிக்குப் போன் செய்தார்.

"மெஷின் புதுசால?"

"செகண்ட் ஹேண்டு. ஆனா பிளேடு புதுசு."

அந்தப் பிளேடு அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு உப்பளத்தின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரன் ரெக்ஸ்லின் அதிகச் சம்பளத்துக்காக மலையடிக்குப் போனபோது, கடற்கரைச் சாலையில் அவனுடைய பனியனைக் கொளுத்தியவர் கஸ்பார்தான். காசுக்கு அலைகிற பயல் என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். பனியன் லேசில் பற்றவில்லை. மண்ணெண்ணெய்க்கு வீடு வீடாக அலைய வேண்டியிருந்தது. இப்போது உள்ளூர் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியதும் அவர் வாய் தானாகப் பேசியது: "சின்ன வயசுலேர்ந்தே மலையடிக்கு வரணும்னு ஒரு கனவு. உப்பளத்துக்கு என் நன்றி. இது என் வளர்ச்சியில அடுத்த கட்டம்."

சாயங்காலம் அதை டிவியில் பார்த்த அவர் மனைவி ஜெசிந்தா, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அந்த கிளப் ஆரம்பிச்சே ஒம்பது வருசந்தானங்க ஆச்சு?"

"கனவு முந்தியே வந்திட்டு" என்றார் கஸ்பார்.

பிப்ரவரி முதல் தேதி காலை அவர் கண்விழித்தபோது மலையடி சிட்டியை நேசித்தார். குறை சொல்ல முடியாத நேசம். கோல்கீப்பருடைய பிள்ளைகளின் பெயர்கள்கூட மனதில் வந்து இறங்கியிருந்தன. ஆனால் ஒப்பந்தத்தை எழுதிய உப்பளத்தின் செயலாளர் 'விசுவாசம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டார். கிளப்புகள் அதை மட்டும்தான் சொத்தாக நினைத்திருந்தன. மலையடி சிட்டி ஆரம்பித்த நாளிலிருந்து அதன்மேல் கஸ்பார் வளர்த்துவந்த வெறுப்பு எந்தத் தாளிலும் ஏறவில்லை. அது அவரிடமே தங்கிவிட்டது.

மலையடி மைதானத்தில் கூரை இருந்தது. நாற்காலிக்கு மெத்தை இருந்தது. இடைவேளையில் வடையும் காபியும் இலவசம். மலையடி கோல் போட்டால் கஸ்பார் எழுந்து கண் கலங்கக் கைதட்டுவார். தட்டி முடித்து, உட்காராமலே, கோல் போட்டவனுடைய மூன்று தலைமுறையையும் திட்டுவார். பக்கத்திலிருந்தவர்கள் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே தொண்டைதான் என்பது ஒன்றே அவருக்குச் சிரமமாக இருந்தது.

மே மாதம் கடைசி ஆட்டம், உப்பளம் மைதானத்தில், மலையடிக்கு எதிராக. டிரா செய்தால்கூட உப்பளம் முதல் டிவிஷனில் தங்கும். தோற்றால் இரண்டாம் டிவிஷன். அப்படி இறங்கினால் மைதானத்தை கன்டெய்னர் லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிடுவது என்று நிர்வாகம் தீர்மானம் போட்டிருந்தது. உப்பளம் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட கஸ்பாருக்கு உரிமை இல்லை, அது விற்றுப்போயிற்று. ஊருக்காக அவரிடம் மீதி இருந்தது மலையடிமேல் உள்ள வெறுப்பு ஒன்றுதான். தொண்ணூறு நிமிடமும் அதை முழு மூச்சாகச் செலவழிப்பது என்று முடிவு செய்து, அதற்காகவே இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசாமல் சேர்த்துவைத்திருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்கான கேலரியின் கம்பி வேலிக்கு இஞ்ஞாசி வந்தான்.

"என்னல, அசலூர்க்காரன் மாதிரி நிக்க?"

"அசலூர்க்காரன்தான."

"சோறு போடுதானுவளா?"

"வடை போடுதான். அந்த மெஷின் எப்படி?"

"நல்லா வெட்டுது. ஒன்னயவிட சத்தமும் ஜாஸ்தி."

கொஞ்ச நேரம் இருவரும் புல்லைப் பார்த்தார்கள். ஒரே மட்டமாக இருந்தது.

"இன்னைக்கு நல்லா திட்டுவியால?" என்று இஞ்ஞாசி கேட்டான்.

"அதுக்குத்தான வந்திருக்கேன்."

இடைவேளையில் மலையடி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தது. அழுதும் திட்டியும் களைத்திருந்த கஸ்பாரிடம் மலையடியின் மேலாளர் வைத்தீஸ்வரன் ஒரு கோப்புடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு சின்ன விடுபடல் சார். உங்க வெறுப்பு எங்க பேருக்கு மாறல."

"அது என் சொந்தச் சொத்து."

"தெரியும் சார். அதான் விலைக்குக் கேக்குறோம்."

தாளில் ஒரு தொகை இருந்தது. கஸ்பார் பூஜ்யங்களை எண்ணினார். வீட்டுக் கடனும் அடையும், மகளுடைய நர்சிங் படிப்பும் முடியும், அப்புறமும் இரண்டு பூஜ்யம் மிஞ்சும்.

"முப்பத்தொரு வருச விசுவாசத்துக்குப் பழைய மெஷின். இதுக்கு இவ்வளவா?"

"விசுவாசம் நெறைய பேர்கிட்ட இருக்கு சார். ஒரு நாள்கூட விடாம பராமரிச்ச வெறுப்பு மார்க்கெட்ல கெடைக்கறதில்ல."

இடைவேளை முழுவதும் தான் மனதுக்குள் போராடியதாகத்தான் கஸ்பார் சொல்வார். எதிர் கேலரியிலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த இஞ்ஞாசியின் கணக்கு வேறு: "நாலு நிமிசம். அதுல ரெண்டு நிமிசம் பேனா எழுதல." கஸ்பார் இதை இதுவரை மறுத்ததில்லை.

கையெழுத்துப் போட்டதும் மார்பு லேசானது. மலையடிக்காரர்கள் இங்கேயும் கொண்டுவந்து கொடுத்த வடையின் ருசி பல மாதங்களுக்குப் பிறகு தெரிந்தது. ஊருக்கென்று இருந்த கடைசிப் பொருளையும் கொடுத்தாயிற்று என்று நினைத்தபடி அவர் அந்த வடையைத் தின்றார். இரண்டாவதும் கேட்டு வாங்கினார். இஞ்ஞாசி இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. மலையடி சிட்டிமேல் உள்ள வெறுப்பு இப்போது மலையடி சிட்டிக்குச் சொந்தம். கிளப்பின் சொத்தை ஆட்டக்காரர்கள் உபயோகிப்பது வழக்கம். ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் மலையடியின் கேப்டன் ஓடுவதை நிறுத்தி, தன் கோல்கீப்பரை வெகுநேரம் முறைத்தார். அறுபத்து மூன்றில் பின்களத்து ஆட்டக்காரர்கள் இருவர் ஒருவரையொருவர் திட்டினார்கள். வார்த்தைகள் அத்தனையும் கஸ்பாருடையவை. எழுபத்தெட்டில் ரெக்ஸ்லின் நடுக்களத்தில் பந்தை வாங்கினான். திரும்பினான். தன் அணியைச் சேர்ந்த ஐந்து பேரை ஒவ்வொருவராகத் தாண்டி, தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தை அடித்தான். பிறகு தன் பனியனில் இருந்த சின்னத்தைப் பிய்த்துப் புல்லில் போட்டான். விதிமீறல் எதுவும் இல்லை என்று நடுவர் மையத்தைக் காட்டினார்.

ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது. உப்பளம் தங்கியது.

ஊர் முழுக்க மைதானத்துக்குள் இறங்கி ஆடிக்கொண்டிருக்க, கஸ்பார் மெத்தை இல்லாத சிமெண்டுப் படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மலையடிக்காக அழுதார். நேசம் மட்டும்தான் இப்போது அவரிடம் இருந்தது; அதைத் தணிக்க வேறு ஒன்றும் உள்ளே இல்லை. இஞ்ஞாசி வேலியேறிக் குதித்து வந்து கைலேஞ்சியை நீட்டினான்.

"ஒன்னால ஊரு தப்பிச்சிட்டுல."

"எங்க டீம் மானம் போச்சேல."

"சரி. அழு" என்று இஞ்ஞாசி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கஸ்பார் துரோகியா, காப்பாற்றியவரா என்று ஊர்க் கமிட்டி மூன்று கூட்டம் போட்டது. கடைசியில் இரண்டுக்கும் ஒரே மேடையில் ஏற்பாடானது. முதலில் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு அவருடைய பனியனைக் கொளுத்தினார்கள். மண்ணெண்ணெயை அவரே கொண்டுபோயிருந்தார்.

இத்தனை வருடமும் அவரிடம் கேட்பதற்கென்று ஒரு கேள்வியை நான் வைத்திருந்தேன். கையெழுத்துப் போட்ட அந்த நாலு நிமிடத்தில், இப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் அவர் பெரிய மனிதர். தெரியாவிட்டால் என்னைப் போன்றவர். கேட்டுவிடுவது என்று போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அதற்கு முந்தைய நாள் உப்பளம் யுனைடெட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஆறு மாதமாக அவர்கள் வெறுப்புகளை வாங்கி வெளியூர் கிளப்புகளுக்கு விற்கிறார்கள். எனக்கு என்மேலேயே உள்ள வெறுப்பு ஐம்பத்து மூன்று வயதுவரை நல்ல நிலையில் பராமரிக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டார்களாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதை எடை போட வரச் சொல்லியிருந்தார்கள். விற்றுவிட்டால் ஏதோ ஓர் ஊரில் பதினோரு பேர் என்னை வெறுத்துக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. இதுவரை தனியாளாகச் செய்துவந்த வேலை.

ஜெசிந்தா அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். கஸ்பார் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, என்ன விஷயம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"எடை போடப் போறப்ப வெறும் வயித்தோட போகணுமாண்ணே, இல்ல சாப்பிட்டுட்டுப் போகலாமா?" என்று கேட்டேன்.