சும்மாவுக்குக் கட்டம் இல்லை

வேலைவாய்ப்புக் கணக்கெடுக்க வந்த பெண் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "வீட்ல யார் யார் வேலைக்குப் போறீங்க?"

நான் அப்பாவின் ஈரப் போர்வையோடு நின்றிருந்தேன். "இருக்கறதே நானும் அப்பாவும்தான். ரெண்டு பேரும் சும்மா இருக்கோம்" என்றேன்.

அவள் கையிலிருந்த டேப்லெட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சும்மான்னு இதுல கட்டம் இல்லீங்களே. வேலையில இருக்கறவங்க, வேலையில்லாதவங்க, ரெண்டுலயும் சேராதவங்க. அவ்வளவுதான்."

சும்மா என்பது என் அண்ணன் எனக்குச் சூட்டிய பட்டம். அவன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, "நீ லேப் வேலையை விட்டா குடி ஒண்ணும் முழுகிடாது" என்றான். ரத்தப் பரிசோதனை லேப்பில் எனக்கு நல்ல பெயர்; கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விட்டுவிட்டு வந்தேன். அதிலிருந்து அவன் போன் செய்தால் முதல் வார்த்தையே "என்ன, சும்மாதானே இருக்கே?" என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு "ம்" என்பேன்.

வீட்டில் உருப்படியாக ஓடும் மின்விசிறி அப்பாவின் அறையில்தான் இருக்கிறது. அங்கேயே அவளை உட்காரவைத்தேன். அப்பா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். பேருந்தில் நடத்துநராக இருந்தவர். கடைசி சீட்டில் தூங்குகிறவனும் அவர் குரலுக்கு எழுந்துவிடுவான். இப்போது ஒரு நாளைக்கு நாலைந்து சொல் வந்தாலே அதிகம். காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

"போன வாரத்துல ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை செஞ்சீங்களா?"

"அப்பாவைக் குளிப்பாட்டறேன், ஊட்டிவிடறேன், ராத்திரி ரெண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கறேன்."

"சம்பளம்?"

"அவர்கிட்டயே கேளுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது இதுல வராதுங்க. கேள்வியை நான் மாத்தவும் கூடாது. சரி, கடைசி நாலு வாரத்துல வேலை தேடினீங்களா?"

அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். "பழைய லேப்புக்கு எழுதிப் போட்டேன். கூப்பிட்டாங்க. நான் போனை எடுக்கல. நாளைக்குள்ள பதில் சொல்லலைன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்னு செய்தி அனுப்பியிருக்காங்க."

"எழுதிப் போட்டாலே தேடினதுதாங்க" என்றாள், எனக்கு ஏதோ பரிசு விழுந்ததுபோல. "இன்னும் ஒரே கேள்வி. அதுக்கும் ஆமான்னா நீங்க வேலையில்லாதவங்க. இல்லைன்னா ரெண்டுலயும் சேராதவங்க."

வேலையில்லாதவள் என்று பெயர் வாங்க யாராவது ஆசைப்படுவார்களா? நான் ஆசைப்பட்டேன். வேலைக்குப் போகவேண்டியவள் இவள், இன்னும் போகவில்லை, அவ்வளவுதான் என்று யாரோ ஒருவர் எங்கேயோ குறித்துவைப்பது எனக்கு வேண்டியிருந்தது.

"வேலை கிடைச்சா அடுத்த வாரமே போக முடியுமா?"

என் வாய்த்துடுக்கு போன இடம் தெரியவில்லை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முடியும் என்று சொன்னால் அவர் காதில் அது எப்படி விழும்? அந்த லேப்பின் மருந்து வாசனைகூட எனக்கு நினைவு வந்தது.

"முடியாதுங்க" என்றேன்.

"அப்போ, ரெண்டுலயும் சேராதவங்க." அவள் விரல் திரைக்குப் போனது.

"போலாம்" என்றார் அப்பா.

நான் எழுந்துவிட்டேன். "பாத்ரூமாப்பா? இருங்க, தூக்கறேன்."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். முகத்தில் பழைய எரிச்சல், சில்லறை இல்லை என்கிறவனிடம் காட்டுவது. என் கையைத் தள்ளிவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து, உதட்டைக் கோணலாக இழுத்து இன்னொரு முறை சொன்னார். "போலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள், வண்டியை எடு என்று ஓட்டுநருக்கு அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். நான் போனை எடுக்காமல் விட்டதும் இந்த அறையில்தான். அது அடித்து ஓய்ந்ததை அவரும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "வீட்ல பெரியவங்க யார் சொன்னாலும் ஏத்துக்கலாங்க. ஆனா ஒரு பதில்தான் போட முடியும். எதைப் போடட்டும்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். "அப்பா சொன்னதையே போடுங்க."

திரையைத் தட்டி, "வேலையில்லாதவங்க" என்று படித்துக் காட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வாசல்வரை போய் அவளை அனுப்பிவிட்டு, வந்த சூட்டோடு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, திங்கக்கிழமையிலேருந்து உன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு. அப்பா பக்கத்துல உக்காந்து வேலை பாரு."

"ஏன், நீ சும்மாதானே இருக்கே?"

"இல்லண்ணா" என்றேன். "நான் வேலையில்லாம இருக்கேன்."